தானத்து மாட்டின் பல்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். நல்ல வார்த்தைதான். கொடுக்கிறவன் மனசு நோகக் கூடாது என்கிற பண்பு அதில் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் மாட்டைத் தானம் கொடுத்தவன், அதே கையோடு வாங்கினவன் கழுத்திலும் ஒரு கயிற்றை மாட்டி, மறு நுனியைத் தன் விரலில் சுற்றிக் கொள்ளவில்லை. இந்தக் காலத்துத் தர்மவான்கள் அதைச் செய்கிறார்கள். ஆகவே பல்லைப் பிடித்துப் பார்ப்பது இப்போது பண்புக் குறைவு ஆகாது. பார்க்காமல் இருப்பதுதான் புத்திக் குறைவு.

நான் சொல்ல வந்தது அமெரிக்காவில் லாரி ஓட்டக் கற்றுக் கொடுக்கும் கம்பெனிகளைப் பற்றி. அங்கே பெரிய சரக்கு லாரிக் கம்பெனிகள் பல, தாங்களே பள்ளிக்கூடம் வைத்து நடத்துகின்றன. அல்லது ஒரு பள்ளிக்கூடத்தோடு ஏற்பாடு செய்து கொள்கின்றன. விளம்பரம் மனத்தைக் குளிர்விக்கும். அனுபவம் தேவையில்லை, கையில் காசும் தேவையில்லை, சில வாரங்களில் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்து வேலையும் போட்டுத் தருகிறோம் என்று அழைப்பு. வந்து சேர பஸ் டிக்கெட், தங்க ஓட்டல் அறை, சில இடங்களில் சாப்பாடு. ஆலை மூடிப் போனதால் வேலை இழந்தவன், பட்டாளத்திலிருந்து திரும்பினவன், கிடங்கில் பெட்டி தூக்கிச் சலித்தவன், குழந்தைகளைத் தனியே வளர்க்கும் தாய், புதிதாகக் குடியேறியவன் என்று எல்லோரும் அந்த வாசலில் வந்து நிற்கிறார்கள்.

இதைக் கேட்டவுடன் நம்மில் பலருக்குப் பரம திருப்தி ஏற்படும். "பார்த்தீரா, தொழில் என்றால் அப்படியல்லவா கற்றுக் கொடுக்க வேண்டும்! சர்க்கார் எதற்கு, கல்லூரி எதற்கு? ஆள் வேண்டியவன் அவனே ஆளைத் தயார் செய்து கொள்கிறான்" என்று சாய்வு நாற்காலியில் இருந்தபடியே தீர்ப்பு வழங்கிவிடுவோம். அந்தத் தீர்ப்பு சரிதானா என்று தெரிந்து கொள்ள, அது நடைமுறையில் இருக்கும் இடத்துக்குப் போய்ப் பார்ப்பதே முறை. புதிதாக லாரித் தொழிலுக்கு வருகிற ஒருவன் அந்தப் பயிற்சியில் எதை எதிர்பார்க்கலாம்? முதல் நாளிலிருந்து தொடங்குவோம்.

முதலில் வைத்திய பரிசோதனை. போதைப் பொருள் பரிசோதனை. பிறகு எழுத்துப் பரீட்சை எழுதி, கற்பவனுக்கான அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டு கைக்கு வந்து குறைந்தது 14 நாள் கழிந்த பிறகே ஓட்டும் பரீட்சைக்குப் போகலாம். இந்த இடைவெளியில் அவனுக்கு வண்டியைச் சுற்றி வந்து பார்க்கக் கற்றுக் கொடுக்கிறார்கள்: டயர், விளக்கு, பிரேக் குழாய், இணைப்புக் கொக்கி என்று ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி வாயால் சொல்ல வேண்டும். காற்று பிரேக்கைச் சோதிக்கும் முறையை மனப்பாடம் செய்ய வேண்டும். மைதானத்தில் மஞ்சள் கூம்புகளுக்கு நடுவே 53 அடி நீள டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தப் பழக வேண்டும். சக்கரத்தை வலது பக்கம் திருப்பினால் டிரெய்லர் இடது பக்கம் போகும் விந்தையை உடம்பு புரிந்து கொள்ளவே ஒரு வாரம் ஆகும். ஒரு வண்டிக்கு மூன்று நான்கு பேர் காத்திருந்தால், ஒருவன் ஓட்டும் நேரத்தைவிட மற்றவன் ஓட்டுவதைப் பார்க்கும் நேரமே அதிகம்.

சரி, எத்தனை மணி நேரம் ஓட்டிப் பழகியிருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது? இங்கேதான் முதல் அதிசயம். சரக்கோடு சேர்த்து 36 டன் வரை எடையுள்ள வண்டி அது. அதை ஓட்டப் போகிறவனுக்கு இத்தனை மணி நேரம் பயிற்சி என்று மத்திய சர்க்காரின் சட்டத்தில் ஒரு கணக்கும் கிடையாது. 2016-ஆம் வருஷம் வரைவு விதியில் 30 மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். அதே வருஷக் கடைசியில் இறுதி விதி வெளிவந்தபோது அந்த 30 மணி காணாமற் போயிற்று. 2022 பிப்ரவரி 7 முதல் அமலுக்கு வந்த விதியின்படி, ஏட்டுப் பாடத்தில் 100-க்கு 80 வாங்க வேண்டும். ஓட்டும் பாடத்தில், தேர்ச்சி பெற்றுவிட்டான் என்று கற்றுக் கொடுக்கிறவர் சொன்னால் போதும். கற்றுக் கொடுக்கிறவர் யார்? அவனை நாளைக்கே சாலையில் இறக்கி வருமானம் பார்க்க வேண்டிய கம்பெனியின் சம்பளக்காரர். அரசாங்கப் பரீட்சை ஒன்று பிறகு உண்டு என்பது வாஸ்தவம். ஆனால் ஒரு நாள் பரீட்சைக்குத் தயார் செய்வது வேறு, பனி விழும் மலைச் சரிவில் இறங்கத் தயார் செய்வது வேறு.

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். மாநில எல்லை தாண்டிச் சரக்கு ஓட்ட அங்கே 21 வயது ஆகியிருக்க வேண்டும். 18 முதல் 20 வயதுள்ளவர்களையும் அனுமதித்தால் என்ன என்று 2022-ல் சோதனையாக ஒரு திட்டம் கொண்டு வந்தார்கள். அதற்கு விதித்த நிபந்தனை என்ன தெரியுமா? லைசென்ஸ் வாங்கிய பிறகும் முதலில் 120 மணி நேரம், பிறகு 280 மணி நேரம், ஆக 400 மணி நேரம், அனுபவசாலி ஒருவர் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்திருக்கப் பழக வேண்டும். ஆக, எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பது அதிகாரிகளுக்குத் தெரியாத விஷயமல்ல. 20 வயதுக்காரனுக்கு 400 மணி நேரம் தேவையாயிருந்தது, 21-வது பிறந்த நாளன்று மாயமாய்ப் பறந்து விடுமா? அந்தப் பிறந்த நாள் கேக்கில் அப்படி என்ன மருந்து கலந்திருக்கிறார்கள்?

லைசென்ஸ் வந்தாயிற்று. இனி இரண்டாவது கட்டம். புதியவனை ஒரு பழைய டிரைவரோடு ஒரே வண்டியில் அனுப்புகிறார்கள். அவர்தான் குரு. வாரக்கணக்கில், சில கம்பெனிகளில் மாதக்கணக்கில், அந்த வண்டியே இருவருக்கும் வீடு. ஆசனத்துக்குப் பின்னால் மேலும் கீழுமாக இரண்டு படுக்கை. அதற்குள்தான் தூக்கம், சாப்பாடு, சண்டை, சமாதானம் எல்லாம்.

குருகுலவாசம் நமக்குப் புதிதல்ல. நம் ஊர் லாரியில் கிளீனராக ஏறின பையன், ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, டயர் கழற்றி மாட்டி, திட்டு வாங்கி, தார்ப்பாய் மேல் படுத்துத் தூங்கி, வருஷக்கணக்கில் கண்ணால் பார்த்துக் கற்றுக் கொண்டுதான் ஸ்டியரிங்கைத் தொட்டான். அந்த முறையில் கொடுமைகள் ஏராளம். அதைப் புகழ வரவில்லை. ஆனால் அங்கே ஓட்டுகிறவன் டிரைவர், பார்க்கிறவன் கிளீனர் என்ற வித்தியாசமாவது தெளிவாக இருந்தது. அமெரிக்கக் குருகுலத்தில் அந்த வித்தியாசம் கலைந்துவிடுகிறது.

எப்படி என்று சொல்கிறேன். அந்த நாட்டுச் சட்டப்படி ஒரு டிரைவர் 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு, அடுத்த 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் வரை ஓட்டலாம். வண்டியில் இரண்டு பேர் லைசென்ஸோடு இருந்தால், ஒருவன் ஓட்ட மற்றவன் உறங்கலாம். வண்டி நிற்கவே வேண்டாம். கம்பெனிக்கு இதைவிட ஆனந்தம் வேறு என்ன? ஆகவே முதல் சில நாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த குரு, பல வண்டிகளில் சீக்கிரமே பின்னால் போய்ப் படுத்துவிடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. வண்டி ஓடும் மைல் கணக்கில் அவருக்குக் கூலி. பல கம்பெனிகளில் சிஷ்யன் ஓட்டும் மைலும் குருவின் கணக்கில் சேரும். தாம் விழித்திருந்து கற்றுக் கொடுத்தால் வண்டி பாதி நேரம் நிற்கும், தாம் தூங்கினால் இரட்டை மைல் ஓடும் என்றால் எந்த குருவுக்குத்தான் தூக்கம் வராது? இந்த குருகுலத்தில் குருதட்சிணை முன்கூட்டியே வசூலாகிவிடுகிறது. வித்தைதான் பாக்கி நிற்கிறது.

பெண்களின் கதை இன்னும் மோசம். முன்பின் தெரியாத ஓர் ஆணோடு வாரக்கணக்கில் ஒரே வண்டிக்குள் வாசம். நேர்ந்த அக்கிரமங்கள் கோர்ட்டு வரை வந்தன. அதற்கு ஒரு பெரிய கம்பெனி கண்ட பரிகாரம் என்ன? பெண்ணுக்குப் பெண்தான் கற்றுக் கொடுக்க வேண்டும் என்று விதி போட்டது. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் கற்றுக் கொடுக்கும் பெண்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். ஆண்கள் உடனே ஏறிப் போனார்கள். பெண்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள், பலருக்கு முறையே வரவில்லை. இது பெண்களுக்கு இழைக்கும் பாரபட்சம் என்று 2014-ல் நீதிமன்றம் சொல்லிற்று; 2016-ல் அந்தக் கம்பெனி 31 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக் கொண்டது. வண்டிக்குள் தனி அறையோ, இரவில் தங்கத் தனி இடமோ ஏற்பாடு செய்தால் தீர்ந்து போகும் விஷயம் அது. ஆனால் அப்படிச் செய்தால் வண்டி இரவில் நிற்க வேண்டுமே!

மூன்றாவது கட்டம், தனியாக ஓட்டும் காலம். இப்போது மைலுக்கு இத்தனை சென்ட் என்று கூலி. கிடங்கு வாசலில் சரக்கு ஏற்ற நான்கு மணி நேரம் காத்திருந்தால், பல சமயம் அதற்குக் கூலி கிடையாது. அல்லது பேருக்கு ஏதோ கிடைக்கும். சாலை பனியில் மூடிக் கிடந்தால் கூலி இல்லை. மற்றத் தொழிலாளிக்கு வாரம் 40 மணிக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரைப் பங்கு கூலி உண்டு என்று விதித்த 1938-ஆம் வருஷத்துச் சட்டம், மாநிலம் தாண்டி ஓட்டும் லாரி டிரைவரை அன்றே விலக்கி வைத்துவிட்டது. புதியவனுக்கு மைல் விகிதமும் குறைவு. இந்தக் கூலியில் பெண்டாட்டி பிள்ளையைப் பிரிந்து வாரக்கணக்கில் சாலையில் கிடந்து, நாலாம் மாதம் அவன் விழித்துக் கொள்கிறான். இதே வேலைக்குப் பக்கத்து ஊர்க் கம்பெனி அதிகம் தருகிறது, வாரக் கடைசியில் வீட்டுக்கும் அனுப்புகிறது என்று தெரிகிறது. போகலாம் என்று பார்க்கிறான். அப்போதுதான் கழுத்துக் கயிறு இழுபடுகிறது.

பள்ளியில் சேர்ந்த அன்று, களைப்பும் ஆவலுமாக அவன் கையெழுத்திட்ட காகிதக் கட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. இத்தனை மாதம் எங்களிடமே வேலை செய்தால் பயிற்சி இலவசம். அதற்குள் விலகினால் பயிற்சிச் செலவு என்று பல ஆயிரம் டாலர் திருப்பித் தர வேண்டும் என்பது அதன் சாரம். ஒன்பது மாதம், ஒரு வருஷம் என்று கம்பெனிக்குக் கம்பெனி கெடு மாறும். சில ஒப்பந்தங்களில் அவனாக விலகினாலும் கடன், கம்பெனி விலக்கினாலும் கடன். சிலவற்றில் மாதா மாதம் கடன் குறையும். சிலவற்றில் கடைசி மாதம் வரை ஒரு காசு குறையாது. பள்ளிக்குக் கம்பெனி கொடுத்த தொகை ஒன்று, டிரைவர் தலையில் எழுதிய தொகை வேறு என்ற புகாரும் வழக்குகளில் எழுந்திருக்கிறது. இலவசம் என்ற பலகைக்குக் கீழே வட்டிக் கடைதான் நடக்கிறது.

நியூ பிரைம் என்ற பெரிய கம்பெனியின் மேல் ஒரு டிரைவர் தொடுத்த வழக்கைப் படித்தால் முழுச் சித்திரமும் கிடைக்கும். பயிற்சி என்ற பேரில் முதல் 10,000 மைல் தமக்குக் கூலியே இல்லை என்றார் அவர். கைச்செலவுக்குக் கொடுத்த பணமும் பின்னால் சம்பளத்தில் பிடிக்க வேண்டிய முன்பணமே. அடுத்த 30,000 மைல், மணிக்கு 4 டாலர் அளவில்தான் கிடைத்தது. அதுவும் முடிந்ததும், "நீ சம்பளக்காரனாக இருப்பதைவிட, சொந்தமாக வண்டி ஓட்டும் முதலாளியாகிவிடு" என்று உபதேசம். வண்டியை வாடகைக்குக் கொடுத்ததும் கம்பெனிதான், சரக்கைக் கொடுத்ததும் கம்பெனிதான். வாடகை, எண்ணெய், சாமான் செலவு எல்லாம் பிடித்தது போகச் சில வாரங்களில் முதலாளிக்குக் கிடைத்தது குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே. பிற்பாடு அவரைச் சம்பளக்காரராகவே வைத்துக் கொண்டார்கள். வேலை மட்டும் அதே வேலை. கோர்ட்டுக்கே வரக் கூடாது, மத்தியஸ்தரிடம் போ என்று கம்பெனி வாதாடிற்று. 2019 ஜனவரியில் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு ஒருமனதாக டிரைவர் பக்கம் தீர்ப்பளித்தது. பின்னர் 2 கோடியே 80 லட்சம் டாலரில் வழக்கு சமரசமாயிற்று. இப்படி வண்டியை வாடகைக்குத் தந்து டிரைவரை முதலாளியாக்கும் வித்தையை அடியோடு தடை செய்யுங்கள் என்று, சர்க்கார் நியமித்த குழுவே 2025 ஜனவரியில் பாராளுமன்றத்துக்குச் சிபாரிசு செய்தது.

கடன் காகிதம் டிரைவரைக் கட்டுவதோடு நிற்கவில்லை. தான் தயார் செய்த டிரைவர்களை இழுத்துக் கொண்டது என்று ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியின் மேலேயே வழக்குப் போட்டது. 2019-ல் அயோவா மாநிலத்தில் ஜூரிகள் 1 கோடியே 55 லட்சம் டாலர் நஷ்ட ஈடு என்று தீர்ப்பளித்தார்கள். 2021-ல் மேல் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது என்பது ஆறுதல். ஆனாலும் அப்படி ஒரு வழக்கு எழுந்தது என்பதே போதும். மனிதனைக் கொல்லைப்புறத்து மாமரம் போலவும், அவன் உழைப்பைப் பக்கத்து வீட்டுக்காரன் பறித்த பழம் போலவும் எண்ணிய வழக்கு அது.

தமிழர்களாகிய நமக்கு இந்தக் காகிதம் பரிச்சயமானது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்கள் அதற்குத் "துண்டு" என்று பேர் வைத்திருந்தார்கள். கடல் தாண்டும் செலவு, வழிச் சாப்பாடு, முன்பணம் எல்லாம் கங்காணி கொடுப்பான். கொடுக்கும்போது அவன் தெய்வம். தோட்டத்தில் இறங்கியதும் அத்தனையும் கடன். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இத்தனை ரூபாய் கடனைத் தீர்த்தால் இந்த ஆளை விடுவிக்கலாம் என்று எழுதிய துண்டு வேண்டும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக் கொள்ளும். ஆள் மாறினான், கடன் மாறவில்லை. 1921-ல் அந்த முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அமெரிக்க டிரைவர் கூலியில்லா அடிமை என்று நான் சொல்லவில்லை. அவன் வோட்டுப் போடுகிறான், கோர்ட்டுக்குப் போகிறான், பலர் கெடுவை முடித்து நல்ல சம்பளமும் வாங்குகிறார்கள். ஆனால் முதலில் உதவி, பிறகு கடன், பிறகு கால்கட்டு என்ற அந்த மூன்று படியும் மாறாமல் அப்படியே இருக்கின்றன. வெள்ளைக்காரத் துரையின் தோட்டத்தில் 1921-லேயே வெட்கக் கேடு என்று ஒழிக்கப்பட்ட ஒன்று, நூறு வருஷம் கழித்து நவநாகரிக ஸ்தாபனத்தின் பயிற்சித் திட்டம் என்ற பேரில் உலவுவதுதான் என் வருத்தம்.

கம்பெனிக்காரர் பேசட்டும், அவர் கட்சியையும் கேட்போம். "நாங்கள் காசு செலவழித்துக் கற்றுக் கொடுக்கிறோம். லைசென்ஸ் வாங்கின மறுநாளே அவன் எதிரிக் கம்பெனிக்கு ஓடிவிட்டால் எங்கள் கதி என்ன? நாட்டில் டிரைவர் பஞ்சம் தலைவிரித்தாடுகிறது. நாங்களும் கற்றுக் கொடுக்காவிட்டால் கடையில் சாமான் வந்து சேருமா?" என்கிறார். நியாயம் போலத்தான் தோன்றுகிறது.

ஆனால் பஞ்சம் என்கிறாரே, அதைக் கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம். நீண்ட தூரம் ஓட்டும் பெரிய கம்பெனிகளில் வருஷத்துக்கு வருஷம் டிரைவர்கள் விலகி, புது ஆள் வந்து நிரப்பும் விகிதம், அந்தத் தொழிலின் சங்கமே வெளியிட்ட கணக்குப்படி, 2010-களில் பல வருஷங்கள் 90 சதவீதத்தை ஒட்டியும் தாண்டியும் இருந்தது. அதாவது 100 ஆசனம் உள்ள கம்பெனியில் வருஷத்துக்கு ஏறக்குறைய 90 தடவை ஆள் மாறுகிறான். ஓட்டைப் பானையில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் அதற்குப் பேர் தண்ணீர்ப் பஞ்சமா? இந்தத் தொழிலில் தீராத பஞ்சம் என்று ஒன்று இல்லை. மற்ற வேலைகளைப் போலவே கூலி ஏறினால் ஆள் வருகிறான் என்று 2019-ல் அமெரிக்க சர்க்காரின் தொழிலாளர் புள்ளிவிவர இலாகாவின் சஞ்சிகையிலேயே இரண்டு பொருளாதார நிபுணர்கள் எழுதியிருக்கிறார்கள்.

பானை எப்போது ஓட்டையாயிற்று என்பதற்கும் சரித்திரம் உண்டு. 1964-ல் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் நாடு முழுவதுக்கும் ஒரே கூலி ஒப்பந்தம் போட்டுச் சுமார் 4 லட்சம் டிரைவர்களை அதற்குள் கொண்டு வந்தது. அந்தச் சங்கத் தலைவர் ஜிம்மி ஹோஃபாவின் யோக்கியதையைப் பற்றி எத்தனையோ சொல்லலாம். ஆனால் அந்தக் கூலியில் டிரைவர் வீடு வாங்கினான், பிள்ளையைப் படிக்க வைத்தான், வேலையை விட்டு ஓடவில்லை. 1980-ல் சரக்குப் போக்குவரத்தின் மேல் இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் சட்டம் வந்தது. புதுக் கம்பெனிகள் முளைத்தன, வாடகைப் போட்டி வந்தது, கூலி சரிந்தது. ஆள் தங்கவில்லை. தங்காத ஆளுக்குப் பதிலாக மேலும் மேலும் புது ஆள் தேவைப்பட்டது. இப்படித்தான் பள்ளிக்கூடமும் கடன் காகிதமும் இந்தத் தொழிலின் உயிர்நாடியாயின. மைக்கேல் பெல்சர் 2000-த்திலும், தாமே பயிற்சி பெற்று லாரி ஓட்டிப் பார்த்த ஸ்டீவ் விஸ்செலி 2016-லும் இதைப் பற்றி முழுப் புஸ்தகங்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே கம்பெனிக்காரருக்கு என் பதில் இதுதான்: டிரைவர் ஓடுகிறான் என்பது உம்முடைய வியாதிக்கு அடையாளம். வியாதியைக் குணப்படுத்த மருந்து இருக்கிறது, அது கூலி. அதைக் கொடுக்க மனமில்லாமல் நோயாளியைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டுகிறீர். கட்டிப் போடும் சௌகரியம் இருக்கும்வரை கூலியை உயர்த்தும் அவசியம் உமக்கு வரவே வராது. அது மட்டுமல்ல, நன்றாகக் கற்றுக் கொடுக்கும் அவசியமும் வராது. வித்தை முழுமையாகக் கைவந்த டிரைவர் எங்கும் போவான். அரைகுறையாகக் கற்றவன்தான் உம்மை நம்பிக் கிடப்பான். கற்றுக் கொடுப்பவரே கடன் கொடுத்தவராகவும் எஜமானாகவும் இருக்கும் பள்ளியில் கல்விக்கு முதல் எதிரி அந்தப் பள்ளிதான்.

வேறு வழி இல்லாமல் இல்லை. அங்கேயே சமுதாயக் கல்லூரிகளில் லாரிப் பயிற்சி உண்டு. 2014-ஆம் வருஷத்துத் தொழிலாளர் பயிற்சிச் சட்டத்தின்படி, வேலையிழந்தவர்களுக்கும் ஏழைகளுக்கும் சர்க்கார் பணத்தில் அந்தப் படிப்பைக் கொடுக்க வழியிருக்கிறது. அதில் படித்து வந்தவன் கழுத்தில் கயிறு இல்லை. எந்தக் கம்பெனி மரியாதையாக நடத்துகிறதோ அதில் சேரலாம். கலிபோர்னியா மாநிலம், வேலையை விட்டால் பணம் கட்டு என்னும் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றை 2026 ஜனவரி 1 முதல் செல்லாது என்று சட்டம் போட்டிருக்கிறது. இவற்றோடு குறைந்தபட்சப் பயிற்சி மணி நேரத்தையும் சட்டத்தில் எழுதி, குரு விழித்திருக்கும் நேரத்துக்குக் குருவுக்குக் கூலியும், சிஷ்யன் ஓட்டும் ஒவ்வொரு மணிக்கும் சிஷ்யனுக்குக் கூலியும் கொடுக்கச் செய்தால் பாதி அக்கிரமம் ஒழியும்.

அதுவரை அந்த வாசலில் நிற்பவன் என்ன செய்வது? போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் அடுப்பெரிய வேண்டியவனிடம் தத்துவம் பேசுவது பாவம். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் சில கேள்விகளை அவன் கேட்கட்டும். கடன் எத்தனை, அது மாதா மாதம் குறையுமா? நீங்களே என்னை விலக்கினால் அது என்ன ஆகும்? பழகும் நாட்களில் கூலி மணிக்கா, மைலுக்கா, இல்லவே இல்லையா? குரு பக்கத்தில் இருப்பாரா, பின்னால் படுப்பாரா? காகிதத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு நாளைக்குத் தரலாமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்கிற கம்பெனியில் மற்றக் கேள்விகளுக்குப் பதிலே வேண்டாம்.

சாய்வு நாற்காலியில் இருக்கும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. லாரி டிரைவர் கதைதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கல்லூரி முடித்து முதல் உத்தியோகத்துக்குப் போகும் உங்கள் பிள்ளையிடம், இத்தனை வருஷம் விலக மாட்டேன், விலகினால் இத்தனை லட்சம் கட்டுவேன் என்று கம்பெனிகள் பாண்டு எழுதி வாங்குவது நம் ஊரிலும் வழக்கமாகிவிட்டது. மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்று விஜயா பாங்கு ஓர் அதிகாரியிடம் எழுதி வாங்கியது செல்லும் என்று நம் சுப்ரீம் கோர்ட்டே 2025 மே மாதத்தில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பொதுத்துறை பாங்கு, பகிரங்கப் போட்டியில் ஆளெடுக்கச் செய்யும் செலவு என்று அதற்குக் காரணமும் சொல்லியிருக்கிறார்கள். அதிகாரி அந்தப் பணத்தைக் கட்டிவிட்டு விலகவும் முடிந்தது. ஆனால் இந்தத் தீர்ப்பின் நிழலில் வந்து ஒதுங்கப் போகிறவர்கள் எல்லோரும் பொதுத்துறை பாங்குகளாகவா இருப்பார்கள்? மூன்று மாதம் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்துவிட்டு அதற்குப் பயிற்சி என்று பேர் சூட்டி, 22 வயதுப் பிள்ளையிடம் லட்சக்கணக்கில் எழுதி வாங்குகிறவர்களும் அதே நிழலைத்தான் தேடுவார்கள்.

பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது மூன்று தலைமுறையை விசாரிக்கிறோம். நிலம் வாங்கும்போது முப்பது வருஷத்து வில்லங்கம் பார்க்கிறோம். பிள்ளையின் முதல் உத்தியோகக் காகிதத்தை மட்டும், வேலை கிடைத்த சந்தோஷத்தில் சாமி படத்தின் முன் வைத்துக் குங்குமம் இட்டு, படிக்காமலே கையெழுத்துப் போடச் சொல்கிறோம். குங்குமம் இடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடியை மாட்டிக் கொண்டு, கடைசிப் பக்கத்துச் சின்ன எழுத்து வரை ஒரு தடவை படியுங்கள்.